ஸ்பெயின் கண்ட கால்கள்

“உதெல்லாம் ஒரு ஆறே, தங்கச்சி? ஸ்பெயினிலை இடுப்பளவு தண்ணிக்குள்ளாலை நடந்து கடந்தனான்!”

அருள்நாயகம் தடியை ஊன்றி, றூஜ் ஆற்றங்கரைச் சேற்றில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேர், தாய் வாத்தின் பின்னால் போகும் குஞ்சுகளைப் போல அவரைத் தொடர்ந்தார்கள்.

முதல் குஞ்சு பேர்ணடெற். வரும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு புனித வருசம், ஸ்பெயினுக்குப் போய், மலையும் ஆறுமாகக் கிடக்கும் கலீசியாவின் ஒற்றையடிப் பாதைகளில் நடந்தே அப்போஸ்தலர் சந்தியோகுமையோரின் கோவிலைத் தரிசிப்போம் என்று கனடாவின் ஸ்காபரோவில் ஆள் சேர்த்தவள் அவள்தான். இன்றைக்கு நடப்பது அதற்கான ஒத்திகை.

“ஒரு ரூர் கொம்பனியைப் பிடியும். வழி தெரிஞ்ச ஆளை அவங்களே தருவாங்கள்” என்று அவளுடைய கணவன் அலெக்ஸாண்டர் முதலிலேயே சொன்னான்.

“வழி தெரிஞ்சவர் எங்கட கோவிலிலேயே இருக்கேக்கை என்னத்துக்குக் கொம்பனி?” என்று எல்லோர் முன்னாலும் அவன் வாயை அடைத்து, அருள்நாயகத்தின் பெயரைச் சொன்னவளும் அவள்தான்.

அவள் அப்படிச் சொன்னதில் பிழையில்லை. அருள்நாயகம் ஸ்பெயின் மலைகளைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால், கோவில் மண்டபத்தில் எல்லோருடைய தேத்தண்ணியும் ஆறிப்போகும். விடியற்காலையில் பனிப்புகார் எப்படி மலையைவிட்டு எழும்பும், எந்த நிறக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும், முள்ளுக்கோதுக்குள் இருக்கும் கொட்டையைச் சப்பாத்துக் குதியால் எப்படி உடைத்துத் தின்பது என்று கண்முன்னே கொண்டுவந்து நிறுத்துவார்.

“அவ்வளவு மலையும் கோட்டுப் போட்டு, கழுத்திலை ரை கட்டிக்கொண்டுதான் ஏறினனான்” என்றும் சொல்வார். எதையும் நேர்த்தியாகச் செய்கிற மனுசன் என்று பேர்ணடெற் வியந்துபோனாள்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. அருள்நாயகம் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்து பார்த்தார்.

“இடப்பக்கம்.”

இடப்பக்கம் போனார்கள். மறுபடியும் பிரிந்தது, மறுபடியும் மோந்தார். முறிந்து கிடந்த ஒரு மரத்தை இரண்டாம் தரம் தாண்டியபோது அலெக்ஸாண்டர் இருமினான். மூன்றாம் தரம் தாண்டியபோது, நெடுநாள் பழகியவரைக் கண்டதுபோல அந்த மரத்துக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பேர்ணடெற்றுக்கு முகம் சுட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்றின் அடிவயிற்றிலிருந்து எழும்பி, மரங்களுக்குள்ளால் உருண்டு வந்தது.

“அண்ணை, உது என்ன?”

“அது ஆறு, தங்கச்சி. வளைவிலை அப்பிடித்தான் இரையும்.”

ஆறு மறுபடியும் கர்ச்சித்தது. யாரோ செபமாலையை எடுத்து, சிலுவை அடையாளம் போடாமலே தொடங்கிவிட்டார்கள்.

“ஆறில்லை, சிங்கம்” என்றான் அலெக்ஸாண்டர். “மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்திலை வந்திட்டம். நல்ல காலம், வேலிக்கு வெளியிலை நிக்கிறம்.”

பிறகு அவன்தான் முன்னால் நடந்தான். சிங்கம் கத்தக் கத்த, அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு போய் ஒருவாறு தார் றோட்டில் ஏறினார்கள். அவர்கள் வந்த கார்கள் எங்கேயோ கண்காணாத தூரத்தில் நின்றன. றோட்டுக் கரையில் குந்தியிருந்து சப்பாத்துச் சேற்றைத் தட்டிய சனம், “ஸ்பெயினை வடிவாய் யோசிச்சுச் செய்வம், என்ன?” என்று தங்களுக்குள் கதைக்கத் தொடங்கியது.

அலெக்ஸாண்டர் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அதுதான் பேர்ணடெற்றுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நேரே அருள்நாயகத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் உண்மையிலை ஸ்பெயினுக்குப் போனனீங்களோ, இல்லையோ?”

அருள்நாயகத்துக்குக் கண் சிவந்துவிட்டது. “சந்தியோகுமையோர் மேலை ஆணை! நாலு நாள் அந்த மலையளுக்குள்ளை நடந்தவன் நான்.”

“அப்ப வழி தெரியாமல் எப்பிடி நடந்தனீங்கள்?”

“வழி தெரிஞ்சிருந்தால் ஏன் பிள்ளை நாலு நாள் நடக்கிறன்?”

“ஆரையும் கேட்டிருக்கலாமே?”

“கேட்டனான். ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட ஒரு கிழவனைத்தான் கேட்டனான். அவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டு, வீட்டை கூட்டிக்கொண்டுபோய்ப் பாணும் சூப்பும் தந்தான்.”

“சிரிக்கிறதுக்கு அப்பிடி என்ன கேட்டனீங்கள்?”

“ஸ்காபரோவுக்கு எந்தப் பக்கத்தாலை போறதெண்டு.”

“ஸ்பெயினிலை நிண்டுகொண்டோ?”

அருள்நாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“காசு வாங்கின ஏஜென்ற் இதுதான் கனடா எண்டல்லோ இறக்கிவிட்டவன்!”