அட்டைப் படத்துக்கு ஒரு முகம்

"ஏம்மா, மேப்பிள் மரத்துகிட்ட போற பொண்ணு! கொஞ்சம் நில்லும்மா!"

கார்வின் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கல்லூரியின் புதுக் கையேட்டுக்கு அட்டைப் படம் எடுக்கக் காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தார். புல்வெளியில் நாலு மாணவர்கள் தயார். நாலும் வெள்ளை முகம். "எல்லா நிறமும் இருக்கணும்" என்று டீன் கறாராகச் சொல்லியிருந்தார். இப்போதுதான் ஒரு கறுப்பினப் பெண் கண்ணில் பட்டாள்.

"பேரென்னம்மா?"

"ஒடெஸா. ஆபீஸ்ல ஒரு வேலை சார். நாலு மணிக்கு மூடிடுவாங்க."

"அஞ்சே நிமிஷம்!"

ஒரு பையனின் கல்லூரி ஜாக்கெட்டை உருவி அவளுக்கு மாட்டிவிட்டு, கையில் ஒரு தடிப் புத்தகத்தைத் திணித்தார்.

"சார், புக்கு தலைகீழா இருக்கு."

"அதை யாரு பாக்கப்போறா? நீ சிரி! டேய், நீங்க நாலு பேரும் தள்ளுங்கடா, பாப்பா நடுவுல நிக்கட்டும்!"

படம் அமர்க்களமாக வந்தது. கார்வின் பூரித்துப்போனார்.

"எங்க காலேஜுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கேம்மா! எந்த வருஷம் படிக்கிறே?"

ஒடெஸா ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, அவரிடம் நீட்டினாள்.

"படிக்கலை சார். சீட்டுதான் கேட்டிருந்தேன். இந்தக் காலேஜுக்கு நான் ஒத்துவர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. ஏன்னு கேக்கத்தான் ஆபீஸுக்குப் போயிட்டிருக்கேன்."

கார்வின் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

ஒடெஸா இப்போது, அவர் சொல்லாமலே, நன்றாகச் சிரித்தாள்.

"கேமராவோட நீங்களும் வாங்க சார். எங்கிட்ட சொன்னதை அப்படியே அங்கேயும் சொல்லிடுங்க!"