வயலில் நின்ற பாலம்

“இந்தத் தெருப் படம் எந்தக் கோஆர்டினேட் முறையில இருக்கு? கொடுத்தவங்ககிட்ட கேட்டீங்களா?”

“எப்பவும் வர்றதுதான். போட்டு அனுப்புங்க, விஞ்ஞானியம்மா!”

போன மாதம் கணவன் மாசிலாமணி அடித்த அந்தக் கிண்டல் செண்பகாவின் நெஞ்சில் எரிந்தது. இருவரும் சேர்ந்து நடத்தும் வரைபட அலுவலகத்திலிருந்து போன படத்தில், ஒரு தெருவே கால்வாய்க்குள் விழுந்திருந்தது. அந்த வீடுகளில் ஆக்கிரமிப்பு என்று தாசில்தார் அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நாளை இடிக்கிறார்கள்.

அதே படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தாள். பாலம்கூடத் தண்ணீரை விட்டு விலகி வயலில் நின்றது. இடங்களைக் குறிக்கும் கோஆர்டினேட் முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். பழைய நில அளவை முறையைக் கொடுத்ததும் பாலம் நகர்ந்து கால்வாய்மேல் உட்கார்ந்தது; வீடுகளெல்லாம் கரையேறின.

எட்டிப் பார்த்த மாசிலாமணி, “நான் அப்பவே நினைச்சேன்” என்றான்.

அவள் தாசில்தாரின் எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் திணித்தாள்.

“என்னன்னு சொல்றது?”

கல்யாணமான நாளிலிருந்து விழுங்கிவந்தது அவள் வாயில் வந்துவிட்டது.

“தெரியாம அனுப்பிட்டேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரியாதுன்னு உங்க வாயால சொல்லுங்க!”