கால் பட்ட இடம்

பூஞ்சணம் துடைக்க ஆள் வருகிறார் என்றதும் சிவநேசன் பேஸ்மென்ட்டில் கிடந்த அப்பாவின் கட்டிலை அவசர அவசரமாக மடக்கி ஒளித்தான். அப்பாவை மேலே போய் இருக்கச் சொன்னான்.

வந்தவர் ஈரக் கார்ப்பெட்டை முகர்ந்து முகம் சுளித்தார். "இஞ்ச ஆரும் படுக்கிறவையோ அண்ணை?"

"சீச்சீ, சாமான் வைக்கிற அறை."

அவரின் டோர்ச் வெளிச்சத்தில் கார்ப்பெட் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும், அருகருகே இரண்டு பாதங்களின் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. வெளிச்சம் அங்கேயே நின்றது. சிவநேசனுக்குக் காது சுட்டது.

படியில் அப்பாவின் குரல் கேட்டது.

"ஓம் தம்பி, சாமான் அறைதான். நான் நேற்றுத்தான் ஊரிலயிருந்து வந்தனான்."

சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு இறங்கிவந்த அப்பா, பழக்கத்தில் நேரே போய் அந்த இரண்டு தடங்களிலும் கால் வைத்து நின்றார்.