ரெண்டு மைக் பெட்டி

மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய பெட்டி பழுதாகிவிட்டது. புதிது வாங்கப் போனேன்.

"எத்தனை பேர் பேசுவீங்க?" என்றார் கடைக்காரர்.

"நான் மட்டும்தான்."

நான்கு வருஷம் அக்காவும் நானும் சேர்ந்துதான் பாட்காஸ்ட் செய்தோம். போன மாசம் அக்கா இறந்துபோனாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"ரெண்டு மைக்குக்கே எடுத்துக்குங்க சார், நாளைக்கு யாராவது வந்தா வேணுமே," என்று தலையில் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை முதல் துளையில் என் மைக்கைச் செருகினேன். இரண்டாவது துளை காலி. அக்காவின் மைக் அலமாரியில் இருந்தது. பேசினால் அந்தந்தத் துளைக்கு மேலே பச்சை விளக்கு எரியும். சத்த அளவு பார்க்க, அக்காவிடம் தினமும் கேட்பதையே பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டே?"

என் விளக்கு எரிந்து அணைந்தது. பிறகு காலித் துளையின் விளக்கு மங்கலாக எரிந்தது, ஒரு பதில் சொல்லும் நேரத்துக்கு. அக்கா எப்போதுமே வாய்க்குள்தான் பேசுவாள்.

"கேக்கலைக்கா. கிட்ட வந்து பேசு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் விளக்கு அணைந்தது. இந்தத் தடவை, நான் பேசாமலே, என் மைக்கின் விளக்கு எரிந்தது.