ஆறுமுகத்தாய் அழவில்லை

பூவனலிங்கம் செத்துப்போன சேதி கேட்டு பசுவந்தனை ஊரே திரண்டு வந்துவிட்டது. அழவேண்டிய ஆள் மட்டும் அழவில்லை.

அவர் பெஞ்சாதி ஆறுமுகத்தாய் ஐஸ் பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"எங்க அண்ணன் அவளைத் தரையில விடாமத் தாங்குனாவ. கல்லுப் பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்கா பாருங்க," என்று செத்தவரின் தங்கச்சி பார்வதியம்மாள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"பாசம் இருந்தாத்தான மதினி அழுகை வரும்," என்று ஒத்து ஊதினாள் பக்கத்து வீட்டு மாரிசெல்வி.

மருமகள் வனிதாவுக்குப் பொறுக்கவில்லை. அத்தை அழத் தெரியாத ஆளா என்ன? டிவியில் பழைய படம் போட்டால் முந்தானையைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும்.

"அத்தை, பேருக்காவது ரெண்டு சொட்டு விடுங்களேன். பேசுத வாய அடைக்க முடியல," என்று காதோரம் குனிந்து கெஞ்சினாள்.

ஆறுமுகத்தாய் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் வனிதா செல்லை எடுத்தாள். அத்தை எத்தனை முறை பார்த்தாலும் அழுகிற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. அண்ணன்காரன் ரயிலடியில் செத்துக் கிடப்பான். தங்கச்சி அது யாரென்று தெரியாமல், 'யாரு பெத்த பிள்ளையோ' என்று தன் சேலையைக் கிழித்துப் போர்த்திவிட்டுப் போவாள். அந்தக் கட்டத்துக்கு ஓட்டி, அத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அத்தை செல்லைப் பார்க்கவில்லை. மாரிசெல்வி பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அந்தப் படமா? இங்கன காட்டு."

செல் கைமாறியது. ஒரு செம்பில் சாய்த்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்பளைகள் அத்தனை பேரும் ஐஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வனிதாவும்தான்.

ரயில் ஊதியது. தங்கச்சி வந்தாள். பார்வதியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாவி மக, அது ஒன் அண்ணன்ட்டி. திரும்பிப் பாருட்டி."

துக்க வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக ஒப்பாரி கிளம்பியது. வெளியே பந்தலில் இருந்த ஆம்பளைகள், "இப்பத்தான் வீடு வீடா இருக்கு," என்று தலையாட்டினார்கள்.

நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது.

"ஸ்கிப்பை அமுக்கு தாயி," என்றாள் பார்வதியம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

மகன் ராஜபாண்டி வாசலில் நின்று, "அப்பாவக் கொண்டுபோகத் தேர் வந்துட்டு. குளிப்பாட்டத் தூக்கலாமா?" என்று கேட்டான்.

"பொறு ராசா. போர்த்திட்டுப் போகட்டும்," என்றார்கள் உள்ளேயிருந்து.

தலைக்கு மேல் ஓடிய ஃபேன் நின்றது. புழுங்கியது. முந்தானையால் விசிறிக்கொண்டார்களே தவிர ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

கட்டம் முடிந்து மூக்கைத் துடைத்தபோதுதான் வனிதாவுக்கு உறைத்தது. ஃபேன் மட்டுமா நின்றது? பின்னால் ஐஸ் பெட்டியின் இரைச்சலையும் காணோம். பதறித் திரும்பினாள்.

ஆறுமுகத்தாய் ஒற்றை ஆளாகப் பெட்டியின் மூடியை நகர்த்தி வைத்திருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையைக் கழற்றி, புருஷன் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போனதும் ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா அத்தை?"

"நீங்கதான் எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தியளே தாயி."

அந்தச் சொல்லில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் வனிதாவை என்னவோ செய்தது. அட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அத்தை கொடுக்கவில்லை.

"ஒங்களுக்கு அழுகையே வரலையா அத்தை?"

"வருது. அழுதா கண்ணு மறைக்குதுட்டி," என்றாள் ஆறுமுகத்தாய், விசிறுகிற கையை நிறுத்தாமல். "இன்னும் கொஞ்ச நேரந்தான அவிய மொகத்தைப் பாக்க முடியும்."