மனநிலை நோட்டு

"மாத்திரை நல்லாவே வேலை செய்யுது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே அவள் நோட்டை நீட்டினாள். தினமும் மனநிலையை இரண்டு வரி எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். "முதல் வாரம், சட்டைப் பொத்தானுக்காக ஒரே கத்தல். ரெண்டாவது வாரம், உர்ருனு முகம். நாலாவது வாரம், குளிக்கும்போது பாட்டு! பரவாயில்லையே."

"நேத்து சீட்டிகூட அடிச்சார் டாக்டர், இந்த வயசுல!"

"மூளையில சேதி கொண்டுபோற ரசாயனத்தை மாத்திரை கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க வைக்கும். பலன் தெரிய மூணு வாரம் ஆகும்."

"நிறுத்திடாதீங்க டாக்டர். மறுபடி எரிஞ்சு விழ ஆரம்பிச்சிடுவார். இருபது வருஷத்துல இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

டாக்டரம்மா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"முப்பது நாளும் உங்க வீட்டுக்காரரைப் பத்தியே எழுதியிருக்கீங்களேம்மா. மாத்திரை சாப்பிடுறது நீங்கதானே?"

அவள் திருதிருவென விழித்தாள். "ஆமா. அவர் நல்லா இருந்தாத்தானே டாக்டர் நான் நல்லா இருப்பேன்?"

"இந்தத் தடவை அது தலைகீழா நடந்திருக்கு." டாக்டரம்மா சிரித்தபடி பேனாவைக் கொடுத்தார். "இன்னிக்கு உங்களைப் பத்தி எழுதுங்க."

'அவர்' என்று எழுதியவள், அதை அடித்தாள். எதுவோ நினைவுக்கு வந்து முகம் மலர்ந்தது.

'குளியலறையில் கேட்ட அந்தப் பாட்டை அடுப்படியில் முதலில் முணுமுணுத்தது நான்தான்' என்று எழுதினாள்.