எண்பதில் நிற்கும் முள்

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு தவளையும், காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் மீட்டரும் குடியிருந்தன. வீட்டுக்காரம்மா தினமும் மூடியைத் திறந்து ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடிப்பார். அத்தனையும் மூடிக்கு நேர் கீழே இருந்த மீட்டரின் மேல்தான் விழும். முள் எண்பதுக்கு ஏறும். அவர் நிம்மதியாகப் போய்விடுவார்.

தவளை இருந்த மூலையில் பாசி சருகாகிக் கிடந்தது.

"அண்ணே, தோலெல்லாம் இழுக்குது. மூச்சு முட்டுது," என்றது தவளை.

"எண்பது இருக்கு. உனக்கு எப்பவும் ஏதாவது குறை," என்றது மீட்டர். அது பொய் சொல்லவில்லை. அதன் மேல் ஈரம் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் தவளை தட்டுத்தடுமாறி வந்து, மீட்டரின் மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. இருந்த ஈரத்தையெல்லாம் அதன் தோல் உறிஞ்சிக்கொண்டது. முதல்முறையாக மீட்டரின் மேல் தொட்டியின் காற்று பட்டது. அடுப்படி அனல் மாதிரி இருந்தது.

"இந்தக் காத்துலயா தம்பி இத்தனை நாள் கிடந்தே?"

முள் முப்பதுக்குச் சரிந்தது. ஈரம் தீர்ந்ததும் தவளை மூலைக்கே போய் விழுந்தது.

முள்ளைப் பார்த்த வீட்டுக்காரம்மா பாட்டிலோடு ஓடிவந்தார்.

"என் மேல வேணாம்மா, அவன் மேல அடிங்க!" என்று மீட்டர் கதறியது. அவருக்குப் புரிகிற பாஷை அதன் முள் ஒன்றுதான்.

தண்ணீர் விழுந்தது. முள் எண்பதுக்கு ஏறியது.

"அப்பாடா," என்று அவர் மூடியை மூடினார்.